இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை

எங்கள் ஊர் விழுப்புரத்தை அடுத்த கோலியனூர். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்தவன் என்பதால் என் மகனை வீட்டில் யாரும் தரையில் விட மாட்டார்கள். ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் இடுப்புக்குத்தான் போவான். பதினோரு மாதமாகியும் தவழவில்லை. காலில் ஏதோ குறை என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போக நாள் பார்த்திருந்தோம்.

அதற்குள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை வந்துவிட்டது. எல்லோரும் கொல்லையில் இறங்கினோம். எங்கே போய்விடப் போகிறான் என்று அவனை மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் என் நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, புள்ள எங்க?"

சாக்கு காலியாக இருந்தது. பக்கத்திலேயே சுவர் கட்டாத கிணறு. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"இங்க கீறான் அண்ணி, தவழ்ந்துக்கினு போறான்" என்றாள் நாத்தனார். கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், பிடுங்கிப் போட்ட செடிகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். வாரியெடுத்து அழுதேன். பிறகு நானே கீழே இறக்கி விட்டேன்.

இப்போது ஒரு மகளும் இருக்கிறாள். அவள் குப்புறக் கவிழ்ந்த நாளிலிருந்து தரையில்தான் விடுகிறோம். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் அவள் முழங்காலில் அழுக்கு இல்லையென்றால்தான் எனக்குக் கவலை.