இரண்டு குடும்பம், ஒரு கையொப்பம்

சுல்பிகாவின் வீட்டையும் புருஷனையும் சுனாமிக் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. கிழக்கிலங்கையின் மருதமுனையில் வீடு என்பது பெண்ணுக்கு அவளைப் பெற்ற உம்மா கொடுப்பது. மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். அந்த வீட்டை அவள் மகள் நஸ்லியாவுக்கென்று வைத்திருந்தாள்.

அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்துக்கு வீட்டுத்திட்டக்காரர்கள் படிவத்தோடு வந்தபோது அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. வகுப்பறை மூலையில் கட்டிய சேலைக்குப் பின்னாலிருந்து அண்ணன் ஜவுபரைக் கூப்பிட்டாள்.

"காக்கா, எனக்கும் சேத்து நீங்களே ஒப்பம் வெச்சிருங்க."

"ஓம் புள்ள. கடதாசியில ஆர்ர பேர் இருந்தா என்ன? வீடு பொம்புளைக்கெண்டு ஊருக்கே தெரியும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் மனைவி சுபைறாவின் வீடும் போயிருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஒரு கையொப்பம் வைத்தார். பட்டியலில் இரண்டு குடும்பம் ஒன்றாயிற்று. மூன்றரை வருடம் கழித்து வீடும் ஒன்றே வந்தது, அவர் பெயரில். பிழையைத் திருத்த அலைந்தவர் மாரடைப்பில் மௌத்தானார்.

"நீ சொல்றது விளங்குது மச்சி," என்றாள், வீட்டில் தன் பங்கைக் கேட்ட சுல்பிகாவிடம் சுபைறா. "என்ட ரெண்டு குமருப் புள்ளையளையும் நான் றோட்டுலயா வெக்கிற?"

சுல்பிகா தனக்கென்று ஒரு வீடு கேட்டுப் போனாள். பள்ளிவாசலில், இது அரசாங்கத்து வேலை என்றார்கள். பிரதேச செயலகக் கந்தோரில், பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள்.

யுத்தம் முடிந்ததென்று சந்தியில் வெடி கொளுத்திய கிழமை, கல்முனையில் ஒரு பெண்கள் கூட்டம். இருவரும் போனார்கள். கொழும்பிலிருந்து வந்தவர் அமெரிக்காவின் கறுப்புப் பெண்களைப் பற்றிப் பேசினார். அடிமைத்தனம் ஒழிந்த காலத்தில் கறுப்பருக்கு உரிமை என்றபோது ஆண்களை நினைத்தார்கள். பெண்களுக்கு உரிமை என்றபோது வெள்ளைக்காரிகளை நினைத்தார்கள். இரண்டிலும் விடுபட்டவர்கள் எழுந்து நின்று, நாங்கள் இல்லாமல் எப்படிச் சமத்துவம் என்று கேட்டார்கள்.

சுல்பிகா கையை உயர்த்தினாள். "அவங்களுக்குக் காணி, வீடு கிடைச்சதா மிஸ்?"

"கனபேருக்கு இல்ல. பேத்திமாருக்குக் கொஞ்சம் கிடைச்சது."

"பேத்தி வாறதுக்கு முதல்ல என்ட மகளுக்குக் கலியாணம் நடக்கணுமே."

மண்டபம் சிரித்தது. சுபைறா சிரிக்கவில்லை. மறுநாள் அவளும் கூடவே கந்தோருக்கு வந்தாள். ஒரே மனுவில் இரண்டு பெண்களும் தனித்தனியே கையொப்பமிட்டார்கள்: நாங்கள் இரண்டு குடும்பம்.

நஸ்லியாவைப் பெண் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஹஜ்ஜுப் பெருநாள் வரை பொறுத்தார்கள். பிறகு சாய்ந்தமருதில் வீடுள்ள பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பதில் வந்தது. உறையில் ஜனாப் ஜவுபர் என்றிருந்தது. குடும்பத் தலைவர் நேரில் சமுகமளிக்க வேண்டும் என்று நஸ்லியா வாசித்துக் காட்டினாள்.