தோலை விட்டேன்

குடியாத்தத்திலிருந்து மூன்று மைல் நடந்தால் அந்தக் கோயில் வரும். அங்கே விக்கிரகம் கிடையாது, மாடுதான் சாமி. நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு பிறக்கும் காளைக்கன்றைக் கோயிலுக்கு விட்டுவிடுவார்கள். அது யார் வயலில் மேய்ந்தாலும் அடிக்கக் கூடாது. செத்தால் மஞ்சள் பூசி, புது வேட்டி போர்த்தி, மதிலுக்குள் புதைத்து மேலே ஒரு கல் நடுவார்கள். பூசையெல்லாம் அந்தக் கல்லுக்குத்தான்.

ஊரில் செத்த மாட்டை உரிக்கிறவர் கன்னியப்பன். தோல் அவருக்கு என்பது பாட்டன் காலத்து உரிமை. ஆம்பூர் வியாபாரி வாஹித் பாஷா அவர் கொண்டுபோகும் தோலை விரித்துக்கூடப் பார்க்க மாட்டார். ஒரு கத்திக்கீறல் இருக்காது.

இந்த உரிமையால் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கோயில் காளையைப் புதைக்குமுன் உரிக்கிறவர் மனசார, "தோலை விட்டேன்" என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மண்ணைத் தள்ளினால் காளை சாமியாகாது, ஊர் மாடுகளுக்குக் கோமாரி வரும் என்று பயம். அதற்காக அவரை உள்ளே விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். மதிலுக்கு வெளியே நின்று கத்த வேண்டியதுதான். வாய் வேண்டும், ஆள் ஆகாது. நல்ல ஏற்பாடு!

ஒரு வருஷம் பொட்டு வைத்த கன்று கன்னியப்பனின் பசுவுக்கே பிறந்தது. பால் மறந்ததும் மணியக்காரர் ஆள் அனுப்பி ஓட்டிக்கொண்டு போனார். கன்றுக்குத் தீட்டில்லை, வளர்த்தவருக்குத்தான். கன்னியப்பனுக்கும் அவர் மனைவி கெங்கம்மாளுக்கும் பிள்ளையில்லை. செவலை என்று பேர் வைத்துக் கஞ்சி ஊட்டிய கன்று அது. பெரிய காளையான பிறகும் தினமும் அவர்கள் வாசலுக்கு வந்து கழுநீர் குடித்துவிட்டுப் போகும். மாட்டுப்பொங்கலன்று மட்டும் உள்ளே கூட்டிப்போய் மாலை போட்டு ஆரத்தி எடுப்பார்கள். கன்னியப்பனுக்கு மணிச்சத்தம்தான் கேட்கும்.

1927ஆம் வருஷம் ஐப்பசி மழையில் செவலை வயிறு ஊதிச் செத்தது. கன்னியப்பன் ஆம்பூரிலிருந்து திரும்புவதற்குள் உள்ளே கொண்டுபோய்க் குழியும் வெட்டிவிட்டார்கள். அவர் மதிலோரம் வந்து நின்றார்.

"சொல்லுடா, பொழுது போவுது" என்று உள்ளேயிருந்து மணியக்காரர் கத்தினார்.

"மூஞ்சப் பாத்துட்டு சொல்றேன் ஆண்டே."

"இன்னாடா சொன்ன?"

"நான் வளத்த கன்னு ஆண்டே. ஒரு தரம் பாத்துக்கறேன்."

திட்டினார்கள். அடிப்போம் என்றார்கள். அடித்து வாங்கும் சொல் மனசார வந்த சொல்லாகாதே என்று பூசாரியே தடுத்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் புதைத்தாக வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் இருபது பேர் சேர்ந்து, அத்தனை கனமான காளையை வாசல் வழியாக வெளியே இழுத்து வந்தார்கள். ஒரு மனுஷனை உள்ளே விடுவதைவிடச் சாமியை வெளியே கொண்டுவருவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

கன்னியப்பன் செவலையின் கண்ணில் மொய்த்த ஈயை ஓட்டினார். முகத்தைத் துண்டால் துடைத்தார். பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல வாய்விட்டு அழுதார். பிறகு மூன்று தரமும் சொன்னார். மறுபடி உள்ளே இழுத்துப்போகப் பொழுதில்லாததால் மதிலுக்கு வெளியே, பாதையோரத்திலேயே புதுக்குழி வெட்டிப் புதைத்துக் கல்லும் நட்டார்கள்.

ஒரு வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் அந்தக் கல்லுக்குப் பூ வைத்தார்கள். பொதுப்பாதை என்பதால் தடுக்க முடியவில்லை. தேங்காய் உடைக்க வந்த ஊர்க்காரர்கள் அவர்களோடு நிற்க வேண்டியிருந்தது. அது பொறுக்காமல், வருஷம் கழிந்து வந்த பொங்கலுக்குள் மதிலை நீட்டி அந்தக் கல்லையும் உள்ளே வளைத்துக்கொண்டார்கள்.

நான் போயிருந்தபோது கன்னியப்பன் சுண்ணாம்புப் பூச்சுக்கூடப் போடாத அந்தச் சுவருக்கு வெளியே நின்றிருந்தார். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

"வயிறு எரியுது அய்யா" என்றார். தூரத்தில் யாருடைய கேழ்வரகையோ மேய்ந்துகொண்டிருந்த புதுக் கோயில் காளையைக் காட்டினார். "அது சாவறப்பவும் என் வாய்தான வேணும்? போன தரம் புத்தி இல்லாம மூஞ்ச மட்டும் கேட்டுட்டேன். இந்தத் தரம் உள்ள வர்றேன்னு கேப்பேன்."