வீரபாண்டி இடப்பக்கம் ஏறுகிறார்

சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியதும் வீரபாண்டி சுற்றிவந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். ஸ்டீயரிங் இருப்பது வலப்பக்கம். அதனால் என்ன? இடது கையால் காற்றைப் பிடித்துத் திருப்புகிறார். வலது கையை நடுவில் நீட்டிக் கியர் மாற்றுகிறார். வாயாலேயே ஹாரன் அடிக்கிறார். "அங்கெல்லாம் தலைகீழு சார். ஓட்டுறவன் இந்தப் பக்கந்தான் உக்காரணும். கை இப்பவே பழகிக்கிரட்டும்."

'அங்கே' என்பது ஐரோப்பாவில் ஒரு மலையூர். இவர் வண்டி ஓட்டும் ரிசார்ட்டின் முதலாளி அந்த ஊர்க்காரர். அங்கேயும் அவருக்கு ஒரு விடுதி உண்டு; கோடையில் ஆறு மாதம் வேன் ஓட்ட ஆள் கிடைக்காமல் தவிக்கிறார். கொழுக்குமலைப் பாதையில் இவர் ஜீப்பை ஏற்றிய ஏற்றத்தைப் பார்த்து, "வருகிறாயா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தினமும் கேரளத்தில் கிளம்பி, தமிழ்நாட்டுக்குள் இருக்கும் கொழுக்குமலையில் பயணிகளை இறக்குகிறவர் இவர். எல்லை எங்கே என்று யாராவது கேட்டால், "இப்பக் குலுங்குச்சுல்ல, அந்தக் குழிதான்" என்பார்.

அந்த எல்லை அப்படி; விசா அப்படியில்லை. போன வருஷம் மறுத்துவிட்டார்கள். திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லையாம். சொந்த வீடு உண்டா, நிலம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் குடும்பம் எதைக் காட்டும்? வீடு கம்பெனியுடையது. மனைவி ஆனந்தி தேயிலை ஃபேக்டரி வேலையை விட்டால் அதுவும் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. அவரோ சிரித்தார்.

"மொதலாளி காசு வந்து ஒரு மலையவே வளைச்சு ரிசார்ட் கட்டுச்சே, அதுகிட்ட யாராச்சும் எப்பத் திரும்பிப் போவேன்னு கேட்டாய்ங்களா? லாபம் வருசா வருசம் பிளேன் ஏறிருது சார். நாந்தான் கீழயே நிக்கிறேன்!"

இந்த முறை ஒரு அசாத்தியமான ஆதாரத்தைச் சேர்த்து அனுப்பினார். வரும் மாசியில் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று கோயில் கமிட்டி எழுதிக் கொடுத்த சான்று! பக்கத்து ஜீப்காரர் ஜோஜோ விழுந்து விழுந்து சிரித்தார். "எடா பாண்டி, சாயிப்பினு மாரியம்மனெ அறியுமோ?" வீரபாண்டி அசரவில்லை. "ஆத்தாளுக்கு வாக்குக் குடுத்தவன் வராம இருப்பானாடா? வெள்ளக்காரனுக்குத் தெரியலேன்னா தெரிஞ்சுக்கிரட்டும்."

நேற்று கூரியரில் உறை வந்தது. ஸ்டாண்டே கூடிவிட்டது. வீரபாண்டி உறையைப் பிரிக்காமலே ஜோஜோவிடம் நீட்டிவிட்டார். ஜோஜோ பாஸ்போர்ட்டைப் புரட்டினார், நிமிர்ந்தார், "அடிச்சு மோனே!" என்று அலறினார். விசா கிடைத்துவிட்டது! ஜீப்புகளெல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன. நானும் என் வயதுக்குத் தகாத குதி ஒன்று குதித்தேன். மாரியம்மன் சான்றுதான் வேலை செய்ததா, யாருக்குத் தெரியும்! கேட்கவும் யாருக்கும் பொறுமையில்லை.

அவர் ஃபேக்டரிக்கு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். உள்ளே இலை அரைக்கும் இயந்திரங்களின் இரைச்சல். வேலை நேரத்தில் வெளியாட்களை விடமாட்டார்கள். ஆனந்தி எங்களைப் பார்த்து ஜன்னலுக்கு வந்தார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ கேட்டார். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. முகத்தில் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே இருந்தன.

வீரபாண்டி விசா ஒட்டிய பக்கத்தை விரித்து உயர்த்திப் பிடித்தார். அதில் இரண்டு தேதிகள் இருந்தன. போகும் தேதியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, திரும்பவேண்டிய தேதியின் கீழே மற்றக் கை விரலை வைத்து, ஆனந்தி தலையாட்டும்வரை எடுக்காமல் காட்டிக்கொண்டே நின்றார்.