வாழைக்காய் மண்டியில் நடந்த மாநாடு

மாநாடு என்று பெயர் வைத்ததே அதிகம். மொத்தம் அறுபது பேர். எல்லோரும் ஒரே எழுத்தாளரின் மாயாஜாலக் கதைகளைப் படித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுகிறவர்கள். அவர் பெரியகுளத்தில் கிளார்க்காக இருந்துகொண்டே, மேகமலைக்கு மேலே மேகத்துக்குள் ஒரு ராஜ்யம் இருப்பதாக ஆறு பாகம் எழுதினார். ஏழாம் பாகம் எழுதிக்கொண்டிருந்தபோது, மாநாட்டுக்கு முந்தின வருடம் இறந்துபோனார். அவர் தெருவில் ஒருத்தரும் அவரை எழுத்தாளராக மதித்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஏழாம் பாகம் மூன்று நோட்டுகளில் அவர் மனைவியிடம் இருந்தது. நான் நாலு தடவை போய்க் கேட்டேன்.

"இத யாரு படிக்கப் போறாக? பழைய பேப்பருக்குப் போடுன்னு அவுக அண்ணன் சொல்றாரு" என்றார்.

"நாங்க படிப்போம்மா."

"கூட்டம் போடுறோம்னீகள்ல? அங்கன வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அதற்காகத்தான் அந்தக் கூட்டம். அஞ்சலி, மரியாதை என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அந்த நோட்டுகள் வேண்டும்.

நான் சின்னமனூரில் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கும் பொம்பளை. மண்டபமும் பிளெக்ஸும் என் பொறுப்பு. பிளெக்ஸ்காரருக்குப் போட்டோவை அனுப்பி, மறைந்த எழுத்தாளர், ஞாயிற்றுக்கிழமை, மண்டப வாசலில் கட்டிவிடுங்கள் என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவர் மாதிரிப் படம் அனுப்பினார். கையெல்லாம் கிரீஸ். திறந்து பார்க்காமலே ஓகே போட்டேன்.

ஞாயிறு காலை போனால், வாசலில் பத்தடி உயரத்துக்கு எழுத்தாளர் நிற்கிறார். கழுத்தில் மாலை, பக்கத்தில் விளக்கு, தலைக்கு மேல் கண்ணீர் வடிக்கும் இரண்டு கண்கள். 'கண்ணீர் அஞ்சலி.' பிளெக்ஸ்காரர் மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் செத்தவர் போட்டோவை வேறு எதற்குக் கொடுப்பார்கள்?

மண்டபத்துக்காரர் பூட்டும் கையுமாக நின்றார். "கல்யாண மண்டபத்துல எழவு போர்டா? நாளைக்கு முகூர்த்தம் இருக்கு. பொண்ணு வீட்டுக்காரக பாத்தா என்னைய வெட்டிருவாக."

"எழவு இல்லண்ணே. கதை படிக்கிறவக கூட்டம்."

கதையில் வருகிறவர்கள் மாதிரி வேஷம் போட்டு வரச் சொல்லியிருந்தோம். என் பின்னால் அட்டைக் கிரீடமும் வெள்ளை அங்கியுமாக மேகராஜா நின்றார். அவர் நிஜத்தில் பேங்க் கேஷியர். மண்டபத்துக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இவரு யாரு, எமதர்மனா?"

பிளெக்ஸை நானே கத்தியால் அறுத்து இறக்கினேன். அப்போதும் கதவைத் திறக்கவில்லை. அச்சில் ஏறாத நாலு வார்த்தை சொன்னேன். பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

எழுத்தாளரின் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கிய நேரத்தில் ஒரு பெரியவர் ரோஜா மாலையோடு சைக்கிளை நிறுத்தினார். "காலையில போர்டப் பாத்தேன். எத்தன மணிக்கு எடுக்குறாக?"

எனக்கு உயிரே போய்விட்டது. நோட்டுகள் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"போன வருசமே எடுத்தாச்சுண்ணே" என்றார் மனைவி. என் பக்கம் திரும்பி, "எங்கன உக்காரப் போறோம்?" என்று கேட்டார்.

குழுவில் ஒருவருக்கு பைபாஸ் பக்கம் வாழைக்காய் மண்டி இருந்தது. ஞாயிறு லோடு கிடையாது. ராஜா, மந்திரவாதி, பூதம் எல்லோரும் ரோட்டோரமாக நடந்து போனோம். மண்டியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே ராஜாவின் அங்கி முழுக்க வாழைக்கறை.

துணிக் கைகள் கட்டி ஏழு கை ராணியாக வந்திருந்த டீச்சரை எழுத்தாளரின் மனைவி கூப்பிட்டார். "ஏத்தா, ஒனக்கு ஒரு கை கூட இருக்கு. அஞ்சாம் பாகத்துல வெட்டிட்டாகள்ல?"

"வெட்டலம்மா, ராணியே அறுத்துக் குடுத்தா" என்றார் கேஷியர்.

"ஆறு பாகத்தையும் சுத்தப் பிரதி எழுதுனவ நானு. எனக்கே சொல்றீகளா?"

எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது. நாலு தடவை அவர் வீட்டுக்குப் போன நானும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் அந்தக் கைக்காக அடித்துக்கொண்டார்கள். அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் வாயை விட்டேன். "நோட்டக் குடுங்கம்மா. மிச்சத்த நாங்களே எழுதி முடிச்சிர்றோம்."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப தர மாட்டேன்."



"அவரு எந்த வார்த்தையில நிறுத்துனாரோ அதோட நிறுத்தி அச்சடிக்கணும். ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. சம்மதமா?"

"பாதியில நின்னா படிக்கிறவக திட்டுவாகம்மா."

"திட்டட்டும். நான் தெனமும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்குச் சம்மதமில்லை. இருந்தாலும் அறுபது பேர் முன்னால் சரி என்றேன். பைக்குள்ளிருந்து மூன்று நோட்டுகளையும் எடுத்துக் கொடுத்தார்.

கடைசிப் பக்கத்தில் ராணி ஒரு கதவைத் தள்ளுகிறாள். வாக்கியம் முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று ஆறு பாகம் படித்த யாராலும் ஊகிக்க முடியும். என்னாலும் முடியும். எழுதவில்லை. புத்தகம் அப்படியே வந்தது. இப்போதும் யாராவது கடைக்கே போன் போட்டுத் திட்டுகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான் என்று எனக்கும் படுகிறது. திட்டு வாங்கிக்கொண்டு போனை வைக்கிறேன்.