ஆயா கூப்பிட்டா எந்திரிக்காதே

தம்பி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நான் நாலாம் வகுப்புப் பாடங்களில் பாதியைத்தான் படித்தேன். வளைகுடாவில், ஈசா டவுனில் இருந்த எங்கள் இந்தியப் பள்ளியில் மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடுவார்கள். தம்பி காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவான். பிறகு அழுகை. யார் தொட்டாலும் அது கூடும். நான் போய்ப் பின்னாலிருந்து அவன் காதுகளை உள்ளங்கைகளால் அழுத்திப் பிடித்தால் மட்டும் மெல்ல அடங்கும். இதை ஒருநாள் கண்டுகொண்ட அவனுடைய மிஸ், அதற்குப் பிறகு வேறு வைத்தியம் எதையும் தேடவில்லை.

ஆயா என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். இலங்கைக்காரர். "தம்பி அழுறார், கெதியா வாங்கோ பிள்ளை" என்பார். முழு வகுப்பும் திரும்பிப் பார்க்க நான் எழுந்து போவேன். அதில் எனக்குப் பெருமை இல்லாமலில்லை. பெரியவர்கள் கையில் ஆகாத காரியம் என் கையில் ஆகிறது என்றால் சும்மாவா? பின்னக் கணக்கை எங்கள் வகுப்பு எப்போது தொடங்கியது, எப்போது முடித்தது என்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் சாப்பிடும்போது இந்தப் பெருமையை உம்மாவிடம் நானே அவிழ்த்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

"தினமுமா கூப்பிடுறாங்க?"

"ஆமா உம்மா. நான் போனாத்தான் அவன் அடங்குவான்."

உம்மா கொஞ்ச நேரம் தம்பியைப் பார்த்தார், பிறகு என்னை. "நாளையிலேர்ந்து ஆயா கூப்பிட்டா எந்திரிக்காதே."

"தம்பி அழுவானே?"

"அழட்டும்."

உம்மாவுக்குக் கல்மனசு என்று அன்று முடிவு செய்தேன். ஆனாலும் சொன்னதை மீறப் பயம். மறுநாள் ஆயா வந்தபோது பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து தம்பியின் குரல் கேட்டது. என் மிஸ் போகச் சொன்னார். "உம்மா போகக் கூடாதுன்னாங்க" என்றேன். போகக் கூடாதென்றது உம்மாதான், ஆனால் கீழ்ப்படியாதவள் நான் என்றாகிவிட்டது. மதியத்துக்குள் மனாமாவில் வாப்பா வேலை பார்க்கும் துணிக்கடைக்குத் தொலைபேசி போயிற்று.

அடுத்த நாள் காலை நாங்கள் எல்லோரும் பிரின்சிபல் அறையில் இருந்தோம். வாப்பாவும் உம்மாவும் நாற்காலிகளில்; குற்றவாளியாக நான் ஓரத்தில் நின்றேன். தம்பி உம்மாவின் பர்தா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

பிரின்சிபல் நல்ல மாதிரியாகத்தான் ஆங்கிலத்தில் பேசினார். இந்தப் பையனுக்கு இந்தப் பள்ளி சரிப்படாது, இந்தியாவில் இவனைப் போன்றவர்களுக்குத் தனிப் பள்ளிகள் இருக்கின்றன, டி.சி. வாங்கிக்கொள்வதே நல்லது என்றார். வாப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நாள் முழுக்க வாடிக்கையாளர்களுக்குத் தலையாட்டிப் பழகிய கழுத்து.

உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வாப்பா தமிழில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "நாங்க எங்கேயும் போகப் போறதில்ல. அவன் பக்கத்துல உட்கார ஒரு ஆளைப் போடுங்க. முடியாதுன்னா நானே வந்து உட்காருறேன்" என்றார்.

வாப்பா பிரின்சிபலைப் பார்த்து, யோசித்துச் சொல்கிறோம் மேடம், நன்றி என்றார் ஆங்கிலத்தில்.

உம்மா திரும்பினார். "நான் இவ்வளவு பேசினேன். நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டீங்களே?"

"சத்தம் போடாத புள்ள. இதை விட்டா நம்ம சம்பளத்துக்கு வேற பள்ளி மாஃபி, கிடையாது."

உம்மா என் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார். "நீ சொல்லு. கூட்டாம கொறைக்காம நான் சொல்றதைச் சொல்லு."

சொன்னேன். பெற்றோர் வகுப்பில் உட்கார விதியில்லை என்றார் பிரின்சிபல். அதைத் தமிழில் சொன்னேன்.

"படிக்கிற புள்ளையைப் பாதி வகுப்புல எழுப்பிக் கூட்டிட்டுப் போக மட்டும் விதி இருக்கான்னு கேளு."

கேட்டேன். பிரின்சிபல் அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார். வாப்பா தரைவிரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆள் போட்டாலும் போடாட்டியும் என் மக வகுப்பை விட்டு எந்திரிக்க மாட்டா. என் மகன் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக மாட்டான். சொல்லு."

அதையும் சொன்னேன். 'என் மகள்' என்றேதான் ஆங்கிலத்தில் சொன்னேன், யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்வதாகப் பிரின்சிபல் எழுந்தார். உம்மா காத்திருக்கவில்லை. மறுநாளே எங்களோடு பள்ளி வேனில் ஏறிவிட்டார். ஒன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். மணிக்கு முன்பே தம்பியின் காதைப் பொத்தினார். காவலாளி வந்தார், மிஸ் வந்தார், பிரின்சிபலே வந்தார்.

"போங்கன்னு சொன்னாங்க போல. எனக்குத்தான் இங்கிலீஷ் விளங்காதே" என்றார் உம்மா, வீட்டில். வாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

உம்மாவைச் சகிக்க முடியாமல்தான் கடைசியில் அந்த இலங்கை ஆயாவையே தம்பிக்குப் பக்கத்தில் போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அதே டி.சி. பேச்சு வரும், ஒவ்வொரு வருடமும் உம்மா போவார். மொழிபெயர்க்க வாப்பாவை அழைக்கவே மாட்டார், என்னைத்தான். தம்பி அங்கே எட்டாம் வகுப்பு வரை படித்தான்.

ஆனால் முதல் வருடம் எனக்குத்தான் தாங்கவில்லை. என் வகுப்பு வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. என் வேலையைப் பிடுங்கி ஆயாவிடம் கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன்.

"நான் நல்லாத்தானே பாத்துக்கிட்டேன், உம்மா?"

"நல்லாத்தான் பாத்துக்கிட்டே. அதான்" என்றார்.

அதான் என்றால் என்ன என்று விளங்காமல் கொஞ்ச நாள் உம்மாவோடு பேசாமலே இருந்தேன். அந்த அறையில் அவர் இரண்டு பிள்ளைகளுக்காக வழக்காடியிருந்தார் என்பது, பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்த்த பிள்ளைக்குத் தெரியவில்லை.