நஷ்வான் கட்டிய இரண்டடி

இயைபு என்றால் நஷ்வானுக்குத் தண்ணீர் பட்ட பாடு. லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஒரே ஓசையில் முடியும் பத்துச் சொற்களை உதிர்ப்பார். சந்தம்தான் காலை வாரிவிடும். முதலடி ஒழுங்காகக் கிளம்பும், இரண்டாமடியில் ஓர் அசை கூடிப்போகும். அவர் கட்டிய பாட்டுக்கு அடிவைத்து நடந்த கல்யாணக் கூட்டம் ஒருவர் காலை ஒருவர் மிதித்த கதை, யெமன் நாட்டின் அந்த மலை ஊர்கள் எல்லாவற்றுக்கும் தெரியும்.

இப்போது அவருடைய மகள் அர்வாவுக்கே கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சரிவில் நின்று இரண்டடி பாடுவார்கள். பெண் வீட்டார் அதே சந்தத்தில், அதே இயைபில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலைப் பாடிக்கொண்டுதான் வந்தவர்கள் மேலே ஏறுவார்கள். ஊருக்கே பாட்டுக் கட்டுகிறவர் நஷ்வானின் மனைவி தகிய்யாவுடைய அண்ணன் ஹிஸாம். அவர்தான் இப்போது சம்பந்தியும்.

"மச்சான், அன்னைக்கு நீ வாயத் திறக்காத. ரெண்டு பக்கத்துக்கும் நானே கட்டித் தர்றேன். வர்றவங்க காலாவது பொழைக்கட்டும்" என்றார் ஹிஸாம்.

கேட்டுக்கொண்டிருந்த அர்வாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் போனதும், "வாப்பா, மாமா கட்டுற பதிலுக்கு நான் வாசப்படி எறங்கமாட்டேன்" என்றாள்.

நஷ்வான் அன்றே பாட்டுக் கட்டத் தொடங்கினார். வயல் வரப்பில் மேலும் கீழும் நடந்து முணுமுணுத்தார். மொட்டைமாடியில் காப்பிப் பழம் காயவைத்த தகிய்யா எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, உக்காந்து கட்டுங்களேன்."

"நடந்துதானடி எல்லாரும் கட்டுறாங்க."

"அவங்களுக்குக் கால் ரெண்டும் ஒரே அளவு. ஒங்களுக்குக் கல்லு விழுந்து ஒடிஞ்ச கால். ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை. பாட்டும் கூடவே நொண்டுது."

அவருக்குச் சுருக்கென்றது. பிறகு யாரும் பார்க்காதபோது டயர்மேல் உட்கார்ந்து தொடையைத் தட்டிப் பார்த்தார். அடி பிசகவில்லை.

கல்யாணத்தன்று தூறலோடு வந்தது கூட்டம். கீழிருந்து ஹிஸாமின் பாட்டு எழுந்தது:

"மலைமேல் ஏறி வந்தோம், மழையும் கூட வந்தது;
தலைமேல் நீரும் சொட்ட, தாழ்தான் எங்கே திறந்தது?"

நஷ்வான் புது உடுப்போடு, இடுப்புக் கத்தியோடு, ஈரத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பொண்ணோட தகப்பனுக்கு மயக்கமா?" என்றான் ஒருவன். சிரிப்பு பரவியது. நஷ்வான் தொடையைத் தட்டினார். பக்கத்திலிருந்தவன் காதில் சொன்னார். பெண் வீட்டார் வரிசை உரக்க எடுத்துப் பாடியது:

"நிலையில் தாழே இல்லை, நேற்றே கழன்று விழுந்தது;
உலையும் பொங்கி நிற்க, உள்ளம் முன்பே திறந்தது!"

கீழே நின்ற கூட்டம் அதைப் பாடிக்கொண்டே ஏறத் தொடங்கியது. முன்வரிசையில் ஹிஸாம். அவர் வாயிலும் நஷ்வானின் அடிகள்தான். ஒரு கால்கூடத் தடுக்கவில்லை. நஷ்வான் எழுந்திருக்கவே மறந்து, கண்ணீரோடு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அர்வா வாசற்படி இறங்கினாள்.