நடு மணல் திருவேங்கடம்

விடிந்ததும் விசிலை ஒரு ஊது ஊதிவிட்டு, திருவேங்கடம் மணலில் அடி எண்ணி நடக்கிறார். வடக்குக் குப்பத்துச் சவுக்குக் கம்பத்திலிருந்து தெற்குக் குப்பத்துக் கம்பம் வரை நூற்றிருபது அடி. இடையிலுள்ள நடு மணலில் அவரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. நேற்று ஒரு கோழி வைத்தது. எந்தக் குப்பத்துக் கோழி என்று விசாரித்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

அறுபத்தைந்தில், பட்டாளத்திலிருந்தபோது, ஐ.நா. சபைக்காக அவரைக் காஸாவுக்கு அனுப்பினார்கள். சண்டை போட்ட இரண்டு நாட்டுக்கும் நடுவே பதினோரு மாதம் நின்றார். "கைல துப்பாக்கி கீது, ஆனா சுடக் கூடாது. அதான் டூட்டி" என்பார். அவர் முறைத்த முறைப்பில் எதிரெதிரே நின்ற இரண்டு டாங்கிகள் வந்த வழியே பின்னோக்கி உருண்டு ஊர் போய்ச் சேர்ந்தனவாம். டாங்கியை நகர்த்திய மனுஷன் வீட்டில் ஒரு தண்ணீர்க் குடத்தை நகர்த்தியதில்லை என்பது மனைவி சந்திரம்மாவின் கட்சி.

எழுபத்திரண்டு ஆடியில் நீரோட்டம் வடக்குக் குப்பத்துப் பெரிய வலையைத் தெற்குக் கரையில் தள்ளியது. மீன் யாருக்கு என்று துடுப்பால் அடித்துக்கொண்டதில் நாலு மண்டை உடைந்தது. மறுநாளே திருவேங்கடம் கம்பம் நட்டார். அவர் பிறந்தது வடக்கு, பெண் எடுத்தது தெற்கு. அதனால் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. அடிதடி நின்றது. சந்திரம்மாவின் நிம்மதியும் நின்றது.

"எங்கண்ணன் வூடு கூப்புடு தூரத்துல கீது. நான் பஸ் ரோட்டைச் சுத்திகினு போவணுமா? இன்னாயா பேஜாரு!"

"ரூல்னா ரூல்தான்."

ரூல் நீரோட்டத்துக்குத் தெரியுமா? பத்து நாளாக இரண்டு குப்பத்திலும் அடுப்பு சரியாக எரியவில்லை. செவ்வாய்க்கிழமை வடக்குக் குப்பத்து வலையில் கானாங்கெளுத்தி குவியலாக விழுந்தது. அலை அந்த வலையைக் கொண்டுபோய் ஒதுக்கிய இடம், நடு மணல்.

"அண்ணாத்த, வெயில் ஏறுது, மீன் நாறிப்பூடும்!" என்று வலைக்காரர் துரை ஓர் அடி எடுத்து வைத்தார். விசில் பறந்தது.

"மச்சான், அவன் கால் வெச்சா நானும் வெப்பேன்!" என்று தெற்கிலிருந்து சந்திரம்மாவின் அண்ணன் மூர்த்தி கத்தினார். இரு பக்கமும் துடுப்புகள் கைக்கு வந்தன.

திருவேங்கடம் நோட்டைப் பிரித்தார். "மேலிடத்துக்கு எழுதறேன். பதில் வரட்டும்." எந்த மேலிடம் என்று அவருக்கே தெரியாது.

சந்திரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன் வாங்கி விற்கக் கொண்டுவந்த இரண்டு காலிக் கூடைகளையும் அவர் காலடியில் வீசினாள். "நடுவுல நீ மட்டுந்தானே போலாம்? நீயே அள்ளு! எங்கண்ணனுக்கு ஒண்ணு, உம் பங்காளிக்கு ஒண்ணு!"

அவர் யோசித்தார். ரூலில் இடம் இருந்தது. முழுக்க நாறுவதற்குப் பாதி மேல் என்று துரையும் தலையாட்டினார். லுங்கியைத் திருவேங்கடம் மடித்துக் கட்டினார். இந்தக் கூடையில் ஒரு மீன், அந்தக் கூடையில் ஒரு மீன். நிரம்ப நிரம்ப ஒன்றை வடக்குக் கம்பத்துக்கும் மற்றதைத் தெற்குக் கம்பத்துக்கும் இழுத்துப் போனார். கொட்டியதை வாரிக்கொள்ளக் கை வேண்டுமே. துடுப்புகள் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. உச்சிவேளைக்கு அவர் இடுப்பு நிமிரவில்லை.

கடைசியில் ஒரே ஒரு மீன் மிஞ்சியது. துரை பார்த்தார், மூர்த்தி பார்த்தார்.

"அது நம்ம வூட்டுக் கொழம்புக்கு" என்று சந்திரம்மா மடியை ஏந்தினாள்.

திருவேங்கடம் மீனை எடுத்தார். வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், ஏந்திய மடியையும் பார்த்தார். பிறகு முழங்கால் தண்ணீர் வரை நடந்துபோய், அதை அலையில் விட்டார்.